சொறிநாய்: வைத்தியம் வந்த வழி

தமிழ்ல ஒருத்தரை ரொம்பக் கேவலமாத் திட்டணும்னா "சொறிநாயே"ன்னு திட்டுவோம். வெறிநாய்ன்னு சொல்றதுல பயம் இருக்கு. சொறிநாய்ன்னு சொல்றதுல வெறும் அருவருப்புத்தான் இருக்கு. முடி கொட்டி, தோல் தடிச்சு, நாத்தம் அடிச்சு, எந்நேரமும் சொறிஞ்சுகிட்டே இருக்கிற நாயை எந்த வீட்டு வாசல்லயும் அண்ட விடமாட்டாங்க. கல்லெறி விழும். சோறு கிடைக்காது. சோறு இல்லாததுனால உடம்பு வத்தும், உடம்பு வத்தினதுனால சொறி இன்னும் கூடும். கடைசியில நாய் சாகிறது பெரும்பாலும் சொறியால இல்லை, நம்ம விரட்டுனதால.

இன்னொரு கொடுமையும் கிராமத்துல நடந்திருக்கு. சொறிநாயையும் வெறிநாயையும் ஒண்ணுன்னு நினைச்சு அடிச்சுக் கொன்னுடுவாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வெறி மூளையைத் தாக்குற கிருமி, வந்துட்டா நாய்க்குப் பிழைப்பு இல்லை. சொறி தோல்ல வர்றது. அதுல அநேகம் வகைகள் குணமாகக் கூடியவை. முடி இல்லாத நாய் வெறிநாய் இல்லைங்கிற ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தாலே எத்தனையோ நாய் பிழைச்சிருக்கும்.

இந்த நோய்க்கு மனுஷன் வைத்தியம் தேடின கதை ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நீளமானது. அதை வாசிச்சப்ப, நம்ம வயக்காட்டுல நடக்கிற கதை மாதிரியே இருந்துச்சு. என்ன பூச்சின்னு பாக்காம மருந்து அடிக்கிற கதை. அதனாலதான் இந்தப் பதிவு.

ராஜாவுக்குத் தேவைப்பட்ட மிருகம்

நம்ம நாட்டுல மிருக வைத்தியத்துக்குப் பழைய நூல்கள் இருக்கு. யானைக்குப் பாலகாப்பியர் பேர்ல ஹஸ்தி ஆயுர்வேதம். குதிரைக்குச் சாலிஹோத்திரர் பேர்ல நூல்கள். தமிழ்ல மாட்டுக்கு மாட்டுவாகடம். யானையும் குதிரையும் ராஜாவுக்குப் படை, மாடு குடியானவனுக்குச் சொத்து. நாய்க்கு அந்த மாதிரி மரியாதை கிடைக்கலை. ஆட்டுக்குக் காவல் போற நாய்க்கும் முயல் வேட்டைக்குப் போற நாய்க்கும் வைத்தியம் வாய்மொழியாத்தான் வந்துச்சு. கீதாரிக்குத் தெரிஞ்சது கீதாரி மகனுக்கு, வேட்டைக்காரனுக்குத் தெரிஞ்சது அவன் மருமகனுக்கு.

மேல்நாட்டுல கொஞ்சம் எழுதி வச்சாங்க. ரோமாபுரியில கேட்டோன்னு ஒருத்தர், கிறிஸ்து பிறக்கிறதுக்கு ஏறக்குறைய 160 வருஷம் முந்தி, விவசாயத்தைப் பத்தி ஒரு நூல் எழுதினார். அதுல ஆட்டுச் சொறிக்கு மருந்து இருக்கு. ஆலிவ் எண்ணெய் ஆட்டும்போது மிஞ்சுற கசடு, லூபின்னு ஒரு கசப்புப் பயறு ஊறின தண்ணி, திராட்சைச் சாராயத்தோட வண்டல், மூணையும் சம அளவு கலந்து, உரோமம் கத்தரிச்ச ஆட்டுக்கு உடம்பு பூராவும் பூசணும். ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கடல் தண்ணியில கழுவணும். நம்ம செக்குல மிஞ்சுற எண்ணெய்க் கசடை நினைச்சுக்குங்க. கையில என்ன கிடைச்சுதோ அதுதான் மருந்து.

அவருக்கு அப்புறம், கி.பி. முதல் நூற்றாண்டுல கொலுமெல்லான்னு இன்னொரு ரோமானிய விவசாய எழுத்தாளர். அவர் நாய்ச் சொறிக்கே தனியா எழுதினார். எள்ளோட இன்னொரு சரக்கைச் சேர்த்து அரைச்சு, மரத்துல இருந்து எடுக்கிற தார்ல குழைச்சுப் பூசச் சொல்றார். இது மனுஷனுக்கும் ஆகும்னு ஒரு பேச்சு இருக்குன்னும் சேர்த்து எழுதியிருக்கார். எண்ணெயும் தாரும் தோல்மேல படிஞ்சா பூச்சிக்கு மூச்சு அடைக்கும். அதுல கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா அவங்க பூச்சின்னு நினைச்சு அதைப் பண்ணலை. பூச்சி இருக்குன்னே தெரியாது.

அடுத்து ஆயிரத்து முந்நூறு வருஷம் தாண்டுவோம். பிரான்சு தேசத்துல காஸ்டன் ஃபீபஸ்னு ஒரு பிரபு, வேட்டைன்னா உயிர். 1387-லிருந்து 1389 வரைக்கும் உட்கார்ந்து வேட்டையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல நாய் நோய்க்குத் தனி அத்தியாயம். பாரிஸ் தேசிய நூலகத்துல இருக்கிற பிரதியில ஆட்கள் தரையில உட்கார்ந்து நாயோட காலையும் வாயையும் பார்த்து வைத்தியம் பண்ற ஒரு அழகான வண்ணப்படம் இருக்கு. அந்த அத்தியாயத்துல சொறியை நாலு வகைன்னு பிரிச்சிருக்கார். இந்தப் புத்தகத்தைத்தான் இங்கிலாந்துல யார்க் பிரபு எட்வர்டு 1406-லிருந்து 1413-க்குள்ள இங்கிலீஷ்ல பெயர்த்தார்.

நாலு வகைன்னு பிரிச்சது பெரிய விஷயம். எல்லாச் சொறியும் ஒண்ணு இல்லைன்னு நாய்களோட நாளெல்லாம் கிடந்த மனுஷனுக்குக் கண்ணால தெரிஞ்சிருக்கு. ஆனா காரணம்னு வரும்போது, நாய் உடம்புல கரும்பித்தம் கூடிப்போச்சு, அதான் சொறின்னு எழுதினாங்க. அந்தக் காலத்துல மனுஷ வைத்தியத்துலயும் அதே கதைதான். கெட்ட ரத்தம், கெட்ட பித்தம். காரணம் உள்ளே இருக்குன்னு முடிவு பண்ணிட்டா வெளியே பாக்கத் தோணாது.

ஊசி முனையில வந்த உண்மை

வெளியே பார்த்தவங்க யாருன்னா, ஏழைப் பொம்பளைங்க.

1687-ல இத்தாலியில போனோமோன்னு ஒரு டாக்டர், செஸ்தோனின்னு ஒரு மருந்துக்கடைக்காரரோட சேர்ந்து மனுஷச் சிரங்கை ஆராய்ஞ்சார். பிள்ளைக்குச் சிரங்கு வந்தா, ஏழைத் தாய்மார் ஊசியை வச்சு அந்தச் சிரங்குல இருந்து எதையோ குத்தி எடுக்கிறதை அவர் கவனிச்சார். லிவோர்னோ துறைமுகத்துல இருந்த அடிமைகளும் ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படி எடுத்து நகத்துல நசுக்கினாங்க. எடுத்ததை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில வச்சுப் பார்த்தா, ஆமை மாதிரி உருவத்துல குட்டியா ஒரு ஜீவன், அது முட்டையும் போடுது. படம் வரைஞ்சு, அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானி பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதமா எழுதினார். ஒரு நோய்க்கு இன்ன உயிர்தான் காரணம்னு கண்ணால பார்த்து எழுதினதுல இதுதான் ஆரம்பம்னு சொல்றாங்க.

ஆனா பெரிய டாக்டர்கள் ஏத்துக்கலை. நூத்தம்பது வருஷம் ஏத்துக்கலை. 1812-ல பாரிஸ்ல காலேன்னு ஒருத்தர் நானும் பூச்சியைக் கண்டுபிடிச்சேன்னு படம் போட்டுக் காட்டினார். பின்னால ரஸ்பாய்னு இன்னொருத்தர், அது சிரங்குப் பூச்சி இல்லை, பாலாடைக்கட்டியில இருக்கிற பூச்சின்னு வெளிச்சம் போட்டார். அதோட பூச்சிக் கதையே பொய்ன்னு ஆகிப்போச்சு. பூச்சியைக் காட்டுறவனுக்குப் பரிசுன்னு சவால்கூட விட்டாங்க.

1834-ல கோர்சிகா தீவுல இருந்து பாரிஸுக்குப் படிக்க வந்த ரெனூச்சிங்கிற மாணவர், செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில எல்லாரும் பாக்க, சிரங்கு பிடிச்ச நோயாளி தோல்ல இருந்து ஊசியால பூச்சியை எடுத்துக் காட்டினார். அவர் எங்கே கத்துக்கிட்டார்? ஊர்ல பொம்பளைங்க எடுக்கிறதைப் பார்த்துத்தான். பெரிய டாக்டர்களுக்கு ஏன் அகப்படலைன்னா, அவங்க கொப்புளத்துக்குள்ள தேடினாங்க. பூச்சி கொப்புளத்துல இருக்காது. தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி ஒரு வழி தோண்டிகிட்டுப் போய், அந்த வழியோட கடைசியில உட்கார்ந்திருக்கும். பேன் பார்த்துப் பழகின கைக்குத் தெரிஞ்சது படிச்ச கைக்குத் தெரியலை.

இந்தப் பூச்சியோட பேர் சார்கோப்டெஸ். மனுஷனுக்கு ஒரு ரகம், நாய்க்கு ஒரு ரகம். எட்டுக் காலு. கத்தரியிலயும் மிளகாயிலயும் இலைக்கு அடியில செஞ்சிலந்தி விழும் பாருங்க, அதுக்கு இது தூரத்துச் சொந்தம். உண்ணியும் அதே வம்சம்தான். செஞ்சிலந்திக்கு நாங்க நனையும் கந்தகம் அடிக்கிறோம். நாய்ச் சொறிக்கு எங்க பாட்டன்மார் கந்தகத்தை எண்ணெயில குழைச்சுப் பூசினாங்க. ரெண்டும் ஒரே வேலை.

ஒரு பேர், பல நோய்

சார்கோப்டெஸ் கதை முடிஞ்சதோட எல்லாம் தெளிஞ்சிருக்கணும். தெளியலை. ஏன்னா நாய்த்தோல்ல இன்னும் ஆள் இருந்தாங்க.

1840-கள்ல ஜெர்மனியில மனுஷ முடிக்காலுக்குள்ள புழு மாதிரி நீளமா இன்னொரு ரகப் பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. டெமோடெக்ஸ்னு பேரு. நாயில இருக்கிற ரகத்துக்கு 1859-ல லைடிக்ங்கிற விஞ்ஞானி பேர் வச்சார். இது தோலை மேலாகத் தோண்டாது, முடி முளைக்கிற குழிக்குள்ளேயே குடியிருக்கும். நல்லா இருக்கிற நாய்கிட்டயும் கொஞ்சம் இருக்கும். குட்டி பிறந்த முதல் சில நாள்ல தாய்கிட்ட இருந்து ஒட்டிக்கும். உடம்புல எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பெருகி முடியைக் கொட்ட வைக்கும்.

1840-களோட ஆரம்பத்துலயே பாரிஸ்ல குரூபின்னு ஒரு டாக்டர், படைன்னு நாம சொல்ற வட்ட வட்டமான தோல் நோய்க்குக் காரணம் பூஞ்சைக் காளான்னு காட்டினார். நாய், பூனையில அதிகமா வர்ற பூஞ்சைக்கு 1902-ல மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு பேர் வந்துச்சு. கேனிஸ்னா நாய்னுதான் அர்த்தம். 1903-ல அமெரிக்காவுல உட்ங்கிற இயற்பியல்காரர் ஊதாக்கதிர் விளக்குக்கு ஒரு கண்ணாடி செஞ்சார். 1925-ல அந்த விளக்கை அடிச்சா படை பிடிச்ச முடி சில நேரம் பச்சையா ஒளிரும்னு கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கும் நாய் டாக்டர்கள் இருட்டறையில அந்த விளக்கை அடிச்சுப் பாக்கிறாங்க.

இதெல்லாம் போக சீழ்க் கிருமி இருக்கு. தெள்ளுப்பூச்சி கடிச்சு வர்ற ஒவ்வாமை இருக்கு. காதுலயும் மடிப்புலயும் பிசுபிசுன்னு வாடை அடிக்க வைக்கிற ஈஸ்ட் காளான் இருக்கு. எல்லாத்துக்கும் நம்ம ஊர்ல ஒரே பேர்: சொறி.

இப்ப ஒரு விஷயம் விளங்கும். எண்ணெயும் கந்தகமும் ஒரு நாய்க்குக் கேட்கும், பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்காது. ஊர்ல "அவர் கைராசி"ம்பாங்க. ராசி இல்லை. முதல் நாய்க்கு மேல்தோல்ல சார்கோப்டெஸ், கந்தகம் பட்டதும் செத்துச்சு. ரெண்டாவது நாய்க்கு முடிக்குழிக்குள்ள டெமோடெக்ஸ், அதுவரைக்கும் கந்தகம் போய்ச் சேரலை.

இன்னொண்ணும் உண்டு. குட்டி நாய்க்கு முகத்துல, கண்ணைச் சுத்தி ரெண்டு மூணு இடத்துல மட்டும் டெமோடெக்ஸ் வந்தா, நல்ல தீனி இருந்தாலே பெரும்பாலும் தானா சரியாகிடும். படையும் திடமான நாய்க்குச் சில மாசத்துல தானா அடங்குறது உண்டு. அந்த நேரம் யார் என்ன பூசினாங்களோ, அதுக்குப் பேர் போய்ச் சேரும். சாம்பல் பூசினவன் சாம்பல்ம்பான், மோர் ஊத்தினவன் மோர்ம்பான்.

ஊத்திப் பார்த்த விஷங்கள்

காரணம் தெரிஞ்ச பிறகும் மருந்து மாறினது மெதுவா. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல கந்தகம், தார், பாதரசக் களிம்பு. நாய் தன் உடம்பைத் தானே நக்கும்ங்கிறதால பாதரசம் நேரா வயித்துக்குப் போகும். 1852-ல இங்கிலாந்துல பெர்காம்ஸ்டட் ஊர்ல வில்லியம் கூப்பர், ஆட்டுச் சொறிக்கு ஆர்சனிக்கையும் கந்தகத்தையும் சேர்த்து ஒரு பொடி தயார் பண்ணினார். தண்ணியில கரைச்சு ஆட்டை முக்கி எடுக்கணும். உலகம் பூராவும் போச்சு. ஆர்சனிக்னா பாஷாணம். ஆட்டுச் சொறியைத் தீர்த்துச்சு, கையாண்ட ஆளுக்கும் தண்ணிக்கும் அது விஷமாவும் இருந்துச்சு.

அடுத்து நம்ம காலம். ரெண்டாம் உலகப் போருக்குப் பின்னால டிடிடியும் பிஎச்சியும் வந்துச்சு. பிஎச்சியை எங்க பக்கம் கமாக்சின் பவுடர்ம்போம். பத்து சதவீதத் தூள், வயலுக்குத் தூவ வாங்கினது. மிச்சம் இருந்தா மாட்டு உண்ணிக்கு, கோழிச் செள்ளுக்கு, நாய்ச் சொறிக்கு. கையாலேயே அள்ளித் தூவின காலம் அது. பூச்சி செத்துச்சு, நெசம். குட்டி நாயும் செத்துச்சு. வாயில நுரை தள்ளி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்து. தோல் புண்ணா இருக்கும்போது விஷம் வேகமா உள்ளே இறங்கும், நக்கினா இன்னும் வேகம். 1997-ல இந்தியாவுல பிஎச்சியைத் தடை பண்ணினாங்க.

அதுக்கு அப்புறம் வந்த பழக்கம் கழிவு ஆயில். டிராக்டர்லயும் மோட்டார்லயும் மாத்தின கருப்பு ஆயிலை நாய் உடம்பு பூராவும் பூசி விடுறது. இதை இன்னைக்கும் பாக்கலாம், டவுன்லயும் பாக்கலாம். கொலுமெல்லா சொன்ன தாருக்கு இது பேரன். பூச்சிக்கு மூச்சடைக்கிறது கொஞ்சம் நடக்கலாம். ஆனா அந்த ஆயில்ல எஞ்சின் தேய்ஞ்ச உலோகத்தூளும் எரிஞ்ச எண்ணெயோட விஷமும் இருக்கு. நாய் நக்கி நக்கி அதை முழுங்கும், ஈரலைக் கெடுக்கும். வெயில்ல தோல் வெந்தும் போகும். மண்ணெண்ணெய்யும் இதே கணக்குத்தான். யாராவது கழிவு ஆயில் பூசச் சொன்னா, தயவு பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க.

அப்ப நாட்டு மருந்து எல்லாம் வீணான்னு கேட்டா, இல்லை. 1992-ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைச்சு மனுஷச் சிரங்குக்குப் பூசிப் பார்த்தாங்க. 814 பேர். அதுல 97 சதவீதம் பேருக்கு 3-லிருந்து 15 நாளைக்குள்ள குணம். சார்லஸ்னு பேர் கொண்ட ரெண்டு டாக்டர்கள் இந்தியாவுல பண்ணினது. மருந்து பூசாத ஒரு கூட்டத்தைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கலைங்கிறது அதுல குறை. மனுஷ ஆய்வு, நாய் ஆய்வு இல்லைங்கிறதும் ஞாபகம் இருக்கணும். ஆனாலும் நம்ம பாட்டிமார் கண்ணை மூடிக்கிட்டு அரைக்கலைங்கிறது தெரியுது. புங்கெண்ணெய், வேப்பெண்ணெய், குப்பைமேனி, படைக்கு வண்டுகொல்லி இலை, இதுகளுக்கெல்லாம் வேலை உண்டு. எந்த நோய்க்குன்னு தெரிஞ்சு, லேசான நோய்க்கு, டாக்டர் மருந்துக்குத் துணையா வச்சுக்கலாம். சுத்த வேப்பெண்ணெயை அப்படியே உடம்பு பூரா ஊத்தினா அதுவே எரிச்சல் கொடுக்கும்.

மண்ணுல இருந்து வந்த மருந்து

பெரிய திருப்பம் 1970-கள்ல வந்துச்சு. ஜப்பான்ல கிடசாட்டோ நிறுவனத்துல சடோஷி ஓமுரான்னு ஒரு விஞ்ஞானி. எங்கே போனாலும் மண்ணைக் கொஞ்சம் பையில போட்டுக்குவார். கவானாங்கிற இடத்துல ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்துல எடுத்த மண்ணுல புதுசா ஒரு நுண்ணுயிர் இருந்துச்சு. அமெரிக்காவுல மெர்க் கம்பெனியில வில்லியம் கேம்ப்பெல் குழு அதைச் சோதிச்சுப் பார்த்து, புழுவையும் பூச்சியையும் கொல்ற சரக்கை அதுல கண்டுபிடிச்சாங்க. அதைக் கொஞ்சம் மாத்தினதுதான் ஐவர்மெக்டின். 1981-ல கால்நடைக்கு விற்பனைக்கு வந்துச்சு. பின்னால மனுஷனுக்கு ஆத்தோரக் குருட்டு நோய்க்கும் இதே மருந்து உதவிச்சு. 2015-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

பூப்பிஞ்சுல காய்ப்புழுவுக்கு எமாமெக்டின் அடிக்கிற விவசாயிக்கு இந்தக் குடும்பம் தெரியும். ரோஜாத் தோட்டத்துல சிலந்திக்கு அடிக்கிற அபாமெக்டினும் அதே குடும்பம். எல்லாம் அந்த ஜப்பான் மண்ணு. வெளியே பூசாம, உள்ளே கொடுத்துத் தோல் பூச்சியைக் கொல்லலாம்னு ஆனது இதோட வந்த வசதி. முடிக்குழிக்குள்ள ஒளிஞ்சிருந்த டெமோடெக்ஸும் ரத்தம் வழியா வர்ற மருந்துக்குத் தப்பலை.

ஆனா இதுலயும் பாக்காம ஊத்துற புத்தி போகலை. மாட்டுக்கு வாங்கின ஊசி மருந்தை ஒரு குத்துமதிப்பா நாய்க்குப் போடுறது நடக்குது. கோலி மாதிரியான மேய்ச்சல் நாய் இனங்கள்ல சிலதுக்கு உடம்புல ஒரு மரபணுக் குறை இருக்கு. மருந்து மூளைக்குள்ள போகாம தடுக்கிற காவல் அதுகளுக்கு வேலை செய்யாது. 2001-ல அமெரிக்காவுல அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. அந்த நாய்க்குச் சொறிக்குக் கொடுக்கிற அளவுல ஐவர்மெக்டின் போட்டா தள்ளாடும், கண் தெரியாது, மயங்கிக் கிடந்து செத்தும் போகும். டவுன்ல கலப்பு நாய் வளர்க்கிறவங்களுக்கு அதுல எந்த ரத்தம் ஓடுதுன்னு தெரியாது. அதனால டாக்டர் எடை பார்த்து, இனம் பார்த்துத்தான் போடணும்.

2013, 2014 வாக்குல இன்னொரு குடும்பம் வந்துச்சு. அஃபோக்ஸோலனர், ஃப்ளூராலனர்னு பேரு. கடையில நெக்ஸ்கார்டு, பிராவெக்டோம்பாங்க. மெல்லுற மாத்திரை. முதல்ல உண்ணிக்கும் தெள்ளுக்கும்னு வந்தது, ரெண்டு வகைச் சொறிக்கும் நல்லாக் கேட்குதுன்னு பின்னால தெரிஞ்சுது. சில மாத்திரை ஒரு மாசம், சிலது மூணு மாசம் உடம்புல நிக்கும். விலை கூடத்தான். வலிப்பு வர்ற நாய்க்குக் கொடுக்கிறதுக்கு முந்தி டாக்டர்கிட்ட சொல்லியாகணும். கொலுமெல்லா காலத்துல இருந்து தார் பூசிக்கிட்டு இருந்த நோய்க்கு ஒரு பிஸ்கோத்து அளவு மாத்திரை போதும்னு ஆனது, நாய்க்கு எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிச்சுப் பாருங்க.

இனி நீங்க எப்படிப் பாக்கணும்

இவ்வளவு வரலாறும் ஒண்ணைத்தான் சொல்லுது. ஊத்துறதுக்கு முந்தி பாருங்க. எங்கே முடி கொட்டியிருக்கு, எவ்வளவு அரிப்பு, கூட இருக்கிற நாய்க்கும் ஆளுக்கும் இருக்கா. இந்த மூணு கேள்விக்கும் பதில் இருந்தா டாக்டர் வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

காது ஓரம், முழங்கை, வயிறு, இந்த இடங்கள்ல முடி கொட்டி, பொருக்குத் தட்டி, ராத்திரி தூங்க விடாத அரிப்பு இருந்தா சார்கோப்டெஸா இருக்கலாம். காது மடல் ஓரத்தை விரலால லேசாத் தேய்ச்சுப் பாருங்க, நாய் தன்னால பின்னங்காலைத் தூக்கிச் சொறியப் பாக்கும். நிச்சயம்னு சொல்ல முடியாது, ஆனா பலமான அடையாளம். இது மத்த நாய்க்கு வேகமா ஒட்டும். நாயைத் தூக்கின ஆளுக்குக் கையில, வயித்துல சிவப்புத் தடிப்பு வரலாம். நாய் ரகப் பூச்சி மனுஷன் மேல குடும்பம் நடத்தாது, நாய் குணமானா நமக்கும் அடங்கிடும்.

குட்டி நாய், கண்ணைச் சுத்தியும் வாய் ஓரமும் முன்னங்காலுலயும் முடி கொட்டியிருக்கு, ஆனா பெருசா அரிப்பு இல்லைன்னா டெமோடெக்ஸை நினைக்கணும். மத்த நாய்க்கும் ஒட்டாது, நமக்கும் ஒட்டாது. உடம்பு பூராவும் பரவினாலோ, வயசான நாய்க்குப் புதுசா வந்தாலோ உள்ளே வேற நோய் இருக்கான்னு பாக்கணும்.

வட்டமா முடி உதிர்ந்து, ஓரம் செதில் செதிலா இருந்தா படை. பிள்ளைங்களுக்கு ஒட்டக்கூடியது இது. தொட்டா கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வால் ஆரம்பிக்கிற இடத்துலயும் முதுகுலயும் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்கினா தெள்ளுப்பூச்சி. நாயை வெள்ளைத் துணியில நிறுத்திச் சீவுங்க, மிளகுத்தூள் மாதிரி கருப்பா விழும். அதுல தண்ணி விட்டா சிவப்பாக் கரையும். அது தெள்ளு குடிச்சுக் கழிச்ச ரத்தம். சீழ்ப் பருவும், உடைஞ்சு வட்டமா உரிஞ்ச தோலும் இருந்தா கிருமி. அதுக்கு டாக்டர் எழுதின மருந்தை எழுதின நாள் வரைக்கும் கொடுக்கணும், நாலு நாள்ல பளபளன்னு ஆச்சுன்னு நிறுத்தக்கூடாது.

டாக்டர்கிட்ட போனா தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில பாக்கச் சொல்லுங்க. அன்னைக்கு ரெனூச்சி ஊசியால பண்ணின அதே வேலைதான் இது. டெமோடெக்ஸ் பெரும்பாலும் அகப்படும். சார்கோப்டெஸ் பல தடவை அகப்படாது. போர்க்காலத்துல இங்கிலாந்துல மெல்லன்பிங்கிற விஞ்ஞானி மனுஷச் சிரங்கை எண்ணிப் பார்த்தப்ப, ஒரு நோயாளி உடம்பு பூராவும் சராசரியாப் பதினோரு பெரிய பூச்சிதான் இருந்துச்சாம். நாய்லயும் கொஞ்சம் பூச்சியே அவ்வளவு அரிப்பைக் கொடுத்துடும். அதனால சுரண்டலில் எதுவும் தெரியாட்டியும் அடையாளத்தை வச்சே டாக்டர் மருந்து கொடுத்தா சந்தேகப்படாதீங்க. வீட்டுல நாலு நாய் இருந்தா நாலுக்கும் ஒண்ணா மருந்து போடணும். ஒண்ணுக்கு மட்டும் போட்டா அது சுத்திச் சுத்தி வரும். படுக்கிற சாக்கைச் சுடுதண்ணியில அலசி வெயில்ல போடுங்க.

தெருநாய்க்குப் பண்ணணும்னு நினைக்கிறவங்க, முதல்ல தீனி வைங்க. பழகாத நாயைப் பிடிக்கப் போகாதீங்க, அரிப்புல இருக்கிற நாய் கடிச்சிடும். கடிச்சாலோ கீறினாலோ உடனே பதினைஞ்சு நிமிஷம் சோப்புத் தண்ணியில கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய் ஊசி போட்டுக்கணும். நாயை ஒரு போட்டோ எடுத்து, கிட்ட இருக்கிற கால்நடை மருந்தகத்துலயோ விலங்கு நல அமைப்புலயோ காட்டி, எடையைக் குத்துமதிப்பாச் சொல்லுங்க. தீனியில வச்சே கொடுக்கிற மருந்து இப்ப இருக்கு, நாயைத் தொடக்கூட வேண்டாம்.

சென்னை வேப்பேரியில 1903-லயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. 1989-ல தமிழ்நாட்டுக்குன்னு கால்நடைப் பல்கலைக்கழகமே வந்துச்சு. படிச்ச டாக்டர்கள் இருக்காங்க, மருந்து இருக்கு. மருந்து ஒழுங்காப் போட்டா சில வாரத்துல அரிப்பு அடங்கும், ரெண்டு மூணு மாசத்துல முடி முளைச்சிடும். முளைச்ச பிறகு அதே நாயைப் பார்த்தா உங்களுக்கு அடையாளமே தெரியாது. உங்க தெருவுல முடி கொட்டின நாய் ஏதாவது சுத்துச்சுன்னா, அதுக்குக் கீழே செம்மியோ வெள்ளையோ கருப்போ ஒரு நல்ல நாய் இருக்குன்னு நினைச்சுகிட்டுப் பாருங்க.